கைப்பேசியை அணைத்தால் மின்னல் விலகிப் போகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'திறந்தவெளியில் இருக்கும்போது இடி இடித்தால் உடனே கைப்பேசியை அணைத்துவிடுங்கள். அதன் அலைகள் மின்னலை ஈர்க்கும்' என்று சென்ற இதழின் மழைக்கால எச்சரிக்கைக் கட்டுரையில் அச்சாகியிருந்த வரியைப் படித்த பிறகு, பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை ஒரு பக்கம் விடாமல் வாசித்து வரும் எனக்கு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

கைப்பேசி அலைகள் மின்னலை இழுப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் மின்னல், சுற்றுப்புறத்தில் உயர்ந்து தனித்து நிற்பதன் மீதுதான் பெரும்பாலும் விழுகிறது. சட்டைப்பையில் கிடக்கும் கையளவுக் கருவி அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பியும் நண்பர்கள் நால்வரும் விளையாட்டுத் திடலில் இருந்தபோது இடி முழங்கியது. இதே அறிவுரையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கைப்பேசிகளை அணைத்து ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு, இனிப் பயமில்லை என்று ஓரத்து மரத்தடியில் ஒதுங்கினார்கள். மின்னல் அந்த மரத்தில் இறங்கியது. அடிமரத்தில் சாய்ந்திருந்த தம்பி நினைவிழந்து விழுந்தான். தொட்டால் தங்களுக்கும் மின்சாரம் பாயும் என்று அஞ்சி ஒருவரும் அவனை நெருங்கவில்லை. கைப்பேசியை இயக்கினால் இன்னொரு மின்னல் விழும் என்று அஞ்சி ஆம்புலன்ஸை அழைக்கவுமில்லை. அவன் மூச்சு நிற்காதிருந்தது எங்கள் நல்லூழ். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை என்பதையும், இதயம் நின்றிருந்தால் அந்த நிமிடமே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும் என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பையிலிருந்த ஐந்து கைப்பேசிகளும் மறுநாள் வேலை செய்தன. தம்பிக்கு வலக்காது இன்றுவரை கேட்பதில்லை.

கருவிகளால் தீங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இயர்போன் அணிந்து ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்கு, அருகிலிருந்த மரத்தில் மின்னல் விழுந்தபோது, கம்பி கிடந்த வழியெங்கும் தோல் வெந்து, செவிப்பறைகள் கிழிந்து, தாடையும் முறிந்ததை கனடாவின் வான்கூவர் நகர மருத்துவர்கள் 2007-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆய்விதழில் பதிவு செய்தார்கள். வியர்வையும் உலோகக் கம்பியும் சேர்ந்து மின்னோட்டத்தைத் தலைக்குள் செலுத்தின என்றார்களே தவிர, கருவி மின்னலை வரவழைத்தது என்று அவர்கள் எழுதவில்லை. வீட்டுக்குள்ளும், சார்ஜரில் மாட்டிய நிலையில் பேசுவதுதான் ஆபத்து, ஏனெனில் மின்கம்பி வழியாக மின்னலின் மின்சாரம் உள்ளே வரும்.

தங்கள் இதழிலோ, மின்னலுக்குப் பலியானவர்களைப் பற்றிய செய்திகள் 'கைப்பேசியில் பேசியபோது' என்ற தலைப்போடுதான் வருகின்றன. அவர்கள் நின்ற இடம் மரத்தடியா, வெட்டவெளியா என்ற விவரம் வருவதில்லை. ஒருமுறை, மழைக்கு மரத்தடியில் ஒதுங்கி நிற்கும் குடும்பத்தின் படத்தையே அட்டையில் போட்டிருந்தீர்கள். அதைக் குறித்தும் எழுதினேன், தலைப்புகளைக் குறித்தும் எழுதினேன், இரண்டும் வெளிவரவில்லை.

இப்போது நான் கேட்பது நான்கு வரித் திருத்தம் மட்டுமே: இடியோசை காதில் விழுந்தாலே கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய உலோகக் கூரைக் காருக்குள்ளோ சென்றுவிட வேண்டும், கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் வெளியே வரக்கூடாது, மரத்தடி கூடாது, உதவிக்கு அழைக்கக் கைப்பேசி இயக்கத்திலேயே இருக்கட்டும். அதை அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கும் இடமில்லையெனில், கடிதம் கிடைத்தது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். முந்தைய இரண்டுக்கும் அதுவும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்