எக்ஸ்ரேயோடு நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடி இளைஞர் ஒருவர், முழங்கால் வலி என்று ஓராண்டு தைலம் தேய்த்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் தெரிந்தது, கோளாறு இடுப்பு மூட்டில். ரத்தம் போகாமல் தொடை எலும்பின் தலைப்பகுதி செத்துக்கொண்டிருந்தது.

நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் தன்மை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரைத் தன்மை) இருப்பது 1952-லேயே பதிவான விஷயம். அரிவாள் செல் நோயுள்ளவருக்கு வளைந்த அணுக்கள் ரத்த ஓட்டத்தை அடைக்கும். அவருக்கு இடுப்போ முழங்காலோ வலித்தால் எலும்புத்தலை இப்படிச் சாவதையும் சந்தேகிக்க வேண்டாமா? எலும்புத்தலை நொறுங்குவதற்கு முன் கண்டால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். நொறுங்கிவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான்.

அந்த இளைஞரின் ஓ.பி. சீட்டில் வெறுமனே 'கால் வலி' என்றிருந்தது. அரிவாள் செல் உண்டா, எந்தப் பக்கம், எந்த நிலை என்பதையும் எழுதிக் கொடுங்கள், டாக்டர்களே.

- வாசகர், கூடலூர், நீலகிரி