சித்தப்பா, அந்தச் சார்ஜர் விஷயம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அடுத்த மாதம் சித்தியின் தலைத்திவசத்துக்கு நான் வருகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பி படித்துக் காட்டுவான்.

2019 மார்கழி. ஜன்னல் திட்டில் உங்கள் ரேடியோ, திருநெல்வேலி நிலையம், மீடியம் வேவ் 1197 கிலோஹெர்ட்ஸ். கீழே தரையில் நான், சார்ஜரில் போட்டபடியே போனில் பப்ஜி ஆட்டம். பாட்டுக்கு நடுவே ர்ர்ர் என்று இரைச்சல் வர, நீங்கள் எழுந்து ரேடியோவைக் கொஞ்சம் கிழக்கே, கொஞ்சம் வடக்கே என்று திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை பேசாமல் வந்து என் சுவிட்சை அணைத்தீர்கள். போனில் இரண்டு சதவீதம்தான் இருந்தது. ஆட்டம் பாதியில் போனது. "உங்க காலமெல்லாம் முடிஞ்சு போச்சு சித்தப்பா" என்றேன். சித்தி தோசைக்கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். அப்புறம் நடந்ததை எழுத மாட்டேன், சொந்தக்காரர்கள் படிப்பார்கள்.

சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள். ஆனால் நீங்களும் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே, அந்த ஹெட்போனில் யாரோடு பேசுகிறாய் என்று. ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் குவைத், இரண்டு பேர் சென்னை. பகலெல்லாம் வேலை, அந்த ஒரு மணி நேரம்தான் அவன்கள் குரல் கேட்கும். வயலில் தண்ணீர் பாய்ச்சாமல் இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா பேசுவதைக் கேட்டு நின்றதற்குத் தாத்தாவிடம் அடி வாங்கியதை எத்தனை தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள்! அந்த நீங்கள்தான் "இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா" என்று விருந்தாளிகள் முன்னால் கேட்டீர்கள். இன்னும் வலிக்கிறது.

2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்து ஆட்டம் போனது, குரல்களும் ஒவ்வொன்றாகப் போயின. இலங்கை நிலையம் எடுக்காமல் போன பிறகும் முள்ளை நகர்த்தி நகர்த்தித் தேடுவீர்களே, அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போன வாரம் இங்கே ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். மட்டமான சார்ஜர் கிளப்பும் இரைச்சல் மீடியம் வேவில் அப்படியே விழுமாம். ரேடியோவுக்குள்ளே ஆன்டெனாவாக ஒரு ஃபெரைட் கம்பி இருக்கிறது, அதனால் பெட்டியைத் திருப்பினால் இரைச்சல் குறையும் என்றார். யாரும் சொல்லித் தராமலே உங்கள் கைக்கு அது தெரிந்திருந்தது.

சித்தி போன பிறகு ரேடியோவையே போடுவதில்லை என்று தம்பி சொன்னான். பேட்டரி செல் வாங்கி வருகிறேன். எனக்குப் பவர் பேங்க் இருக்கிறது, ஹால் பிளக்கைத் தொட மாட்டேன்.