மருது படையைக் காத்த முள்ளுக்காட்டுக்காக ஒரு மடல்

மதிப்பிற்குரிய சிவகங்கை மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், தொல்லியல் துறை, சுற்றுலாத் துறை அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருது சகோதரர்களுக்கு இன்னொரு சிலை கேட்டு இதை எழுதவில்லை. திருப்பத்தூரில் நினைவுச் சின்னம் இருக்கிறது, காளையார்கோயிலில் கோயிலுக்கு எதிரே சமாதி இருக்கிறது, சிவகங்கையில் வேலுநாச்சியாருக்கு மண்டபமும் கட்டியாயிற்று. நான் கேட்க வந்தது காட்டுக்காக. சிறுவயலுக்கும் காளையார்கோயிலுக்கும் நடுவே ஒரு காலத்தில் அடர்ந்து கிடந்த முள்ளுக்காடும் அந்தப் போரில் ஒரு படைதான். இன்று அதன் மிச்சம் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

தெரிந்த கதைதான், இருந்தாலும் காட்டின் பக்கம் நின்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1801 ஜூலை கடைசியில் கர்னல் அக்னியூவின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை சின்ன மருதுவின் ஊரான சிறுவயலுக்கு வந்து சேர்ந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. பகைவன் கையில் சிக்கக் கூடாதென்று நம்மவர்களே வைத்த தீ. அங்கிருந்து காளையார்கோயில் இன்றைக்குப் பேருந்தில் கண்ணயர்ந்து விழிப்பதற்குள் வந்துவிடும். அக்னியூ காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். ஆகஸ்ட் மாதம் முழுக்க வெட்டினார்கள். கோடாலிக்காரர்களுக்குக் காவலாகத் துப்பாக்கிக்காரர்கள், அவர்களைக் குறிவைத்துப் புதருக்குள்ளிருந்து நம் ஆட்கள், மேலே ஆவணி வெயில். செப்டம்பர் பிறந்ததும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் படை பின்வாங்கியது. பிறகு சிவகங்கை அரசுரிமை கோரிய படமாத்தூர் கௌரி வல்லபரை அரசராக அறிவித்து ஊருக்குள் ஆள் பிரித்து, வேறு வழிகளில் சுற்றி வந்து, அக்டோபர் 1-ஆம் தேதிதான் காளையார்கோயிலைப் பிடிக்க முடிந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள். காட்டை வெட்டி வெல்ல முடியாதவர்கள், ஊரைப் பிரித்துத்தான் வென்றார்கள் என்பது என் கட்சி.

இதே காளையார்கோயிலில்தான் 1772 ஜூன் 25-ஆம் தேதி சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். கும்பெனித் தளபதிகள் ஜோசப் ஸ்மித் ஒரு பக்கம், பான்ஜோர் மறுபக்கம். அதற்கும் வெகு முன்னே போனால் புறநானூற்றின் 21-ஆம் பாட்டு. பாண்டியன் உக்கிரப் பெருவழுதி வேங்கைமார்பனிடமிருந்து கைப்பற்றிய கானப்பேர் கோட்டையை ஐயூர் மூலங்கிழார் பாடுகிறார். கானப்பேர்தான் இன்றைய காளையார்கோயில். ஆழ்ந்த அகழி, உயர்ந்த மதில் என்று அடுக்கிக்கொண்டு வந்து, வெயில் நுழைய முடியாதபடி மரங்கள் நெருங்கிய காவற்காட்டையும் கோட்டையின் அங்கமாகவே சேர்த்துச் சொல்கிறார். சங்ககாலத்து மன்னனுக்கும் பெரிய மருதுக்கும் அரண் ஒன்றுதான். கோயிலுக்குள் போனால் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம், யானைமடு என்ற குளத்தருகே நின்று படம் எடுக்கிறோம். அந்த அரணை மட்டும் யாரும் காட்டித் தருவதில்லை.

போன தை மாதம் அந்தப் பக்கம் நடந்தேன். இன்று அங்கே தொடர்ச்சியான காடு கிடையாது. ஆர்எஸ்பதி என்கிற யூகலிப்டஸ் மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கும், அடியில் ஒரு புல் இருக்காது. அதைத் தாண்டினால் சீமைக்கருவேல். அதையும் தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டியோ ஏதாவதொரு அய்யனார் கோயிலைச் சுற்றியோ, கொஞ்சம் பழைய காடு மிஞ்சியிருக்கும். உசிலை, வெள்வேல், காரை, கிளுவை, இவை எல்லாவற்றின் மேலும் ஏறிப் படர்ந்த சூரை. ஆடு போன தடத்தில் குனிந்து நுழைந்தேன். பத்தடி போவதற்குள் சட்டையின் தோள்பட்டையைச் சூரை பிடித்துக்கொண்டது. அந்த முள் கொக்கி மாதிரி வளைந்தது. இழுத்தால் துணி கிழியும், உதறினால் அடுத்த கிளை முழங்கையைப் பிடிக்கும். நின்று, பின்னால் ஓர் அடி வைத்து, ஒவ்வொன்றாக விரலால் எடுத்துவிட்டால்தான் நகரலாம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "அதுக்குள்ள எதுக்குத் தம்பி போறீங்க, சூரைப்பழம் வேணும்னா இங்கனயே இருக்குல்ல" என்று சிரித்தார். கனத்த சிவப்புச் சட்டையும் தோல்வார்களும் மாட்டிக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தவனின் கதியை அங்கே நின்றால் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

என் முதல் கோரிக்கை அதிலிருந்தே பிறக்கிறது. சீமைக்கருவேலை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அயல் தாவரங்களை ஒழித்து நிலத்தை மீட்பதற்கென்று 2022-இல் தமிழ்நாடு அரசு கொள்கையும் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் ஜேசிபி வந்து வேரோடு பிடுங்கிப் போட்டபின் அந்த வெற்று நிலத்தில் என்ன வைக்கிறோம்? மரம் நடுவது என்றாலே புங்கன், வேம்பு, நாவல். நிழலுக்கும் சாலையோரத்துக்கும் அவை சரி. காளையார்கோயில் சுற்றுவட்டத்தில் வனத்துறை நாற்றங்காலில் சூரையும் காரையும் முட்சங்கும் இண்டும் வளர்க்க வேண்டும். முள்ளைக் காசு கொடுத்து வளர்ப்பார்களா என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். இங்கே வரலாற்றுச் சின்னமே அந்த முள்தான் என்று கோப்பில் எழுதிவிடுங்கள். கீரிக்கும் கவுதாரிக்கும் அது வீடு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஒரே நாளில் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் அடுப்பெரிவது நின்றுவிடும். பகுதி பகுதியாக எடுக்கட்டும், வெட்டும் வேலையை அவர்களுக்கே கொடுக்கட்டும்.

அடுத்தது பாதை. சிறுவயலிலிருந்து காளையார்கோயில் வரை ஒரு நடைவழி வேண்டும். தார் வேண்டாம், பேவர் பிளாக் வேண்டாம், அலங்கார வளைவும் 'ஐ லவ்' எழுத்துப் பலகையும் அறவே வேண்டாம். அரசு நிலத்திலும் கண்மாய்க் கரையிலும் ஏற்கெனவே இருக்கும் ஆட்டுத் தடங்களையும் வண்டிப் பாதைகளையும் இணைத்தாலே போதும். இடையிடையே முழங்கால் உயரத்தில் ஒரு கல், அதில் ஆண்டும் ஒரே ஒரு வரியும். பிரான்சில் டெல்வில் காடு என்று ஒன்று உண்டு. 1916 ஜூலையில் தென்னாப்பிரிக்கப் படைப்பிரிவு அங்கே நின்று சின்னாபின்னமானது. குண்டடி பட்டு மொட்டையாய்ப் போன அந்தக் காட்டை மறுபடி நட்டு வளர்த்திருக்கிறார்கள். போரில் தப்பிய பழைய மரம் ஒன்றைத் தனியாகப் போற்றுகிறார்கள். சிப்பாய்கள் காட்டு வழிகளுக்கு வைத்த தெருப் பெயர்களைச் சின்னக் கற்களில் பொறித்து அங்கங்கே நட்டிருக்கிறார்கள். பதுங்குகுழிகளின் பள்ளம் இன்னும் தெரிகிறது, அதைத் தூர்த்துப் பூங்கா போடவில்லை. நமக்கு அவ்வளவு செலவுகூடத் தேவைப்படாது.

சிறுவயல் கல்லில் என்ன எழுதலாம் என்று கேட்டால் எனக்கு ஓர் ஆசை. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிகருவியை வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801-இல் எதிர்ப்படையில் வந்தார். இதைப் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பத்துப் பக்கப் பாடம் தேவையில்லை.

தொல்லியல் துறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாதை போடும்போதும் சீமைக்கருவேலைத் தோண்டும்போதும் மண்ணுக்குள்ளிருந்து ஈயக்குண்டு, இரும்புத் துண்டு என்று ஏதாவது வந்தால் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடக் கூடாது. ஜேசிபி இறங்குமுன் உங்கள் ஆள் ஒருவர் நடந்து பார்த்துவிட்டால் நல்லது. கருவியோடு புதையல் தேடி வருகிறவர்களுக்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைச் சொல்லி ஒரு எச்சரிக்கைப் பலகையும் வையுங்கள்.

கோயில்காடுகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிஞ்சியிருக்கும் நல்ல காடு அவற்றில்தான் இருக்கிறது. சாமி காடு, ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது என்ற பயத்தில் ஊரார் காத்தது. மதுரை அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், அடுத்து திண்டுக்கல் காசம்பட்டிக் கோயில்காட்டையும் அறிவித்தார்கள். அதே சட்டத்தின்கீழ் இங்குள்ள காடுகளையும் ஆராயலாம். ஆனால் அறிவிப்புக்குமுன் ஊர்க்கூட்டம் போடுங்கள். வேலி போட்டுப் பூட்டி, படையலுக்கு வருகிறவர்களிடம் அனுமதிச் சீட்டு கேட்டால் அந்தக் காடு ஒரு தலைமுறை தாங்காது. இதே மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது. எந்த அரசாணையும் அதைச் செய்ய வைக்கவில்லை.

அக்டோபர் 27 மருதிருவர் குருபூசைக்குக் காளையார்கோயில் வருகிறவர்களிடமும் உங்கள் வழியாக ஒரு விண்ணப்பம். அன்றைக்குப் போலீசும் கூட்டமுமாக ஊர் தாங்காது, அன்று காட்டுப் பக்கம் போக வேண்டாம். மார்கழி, தையில் குடும்பத்தோடு தனியாக வாருங்கள், தரை காய்ந்திருக்கும், சூரையும் பழுத்திருக்கும். தடித்த செருப்பும் முழுக்கைச் சட்டையும் போட்டு வாருங்கள், பாம்பு உண்டு. பிரியாணிப் பொட்டலத்தையும் பாட்டிலையும் மட்டும் வந்த வண்டியிலேயே திரும்ப எடுத்துப் போங்கள். பீடித் துண்டை அணைக்காமல் எறிந்தால் பங்குனி வரை காய்ந்த புல் காத்திருக்காது.

வரும் ஐப்பசி மழைக்குள் நடவு தொடங்க வேண்டுமானால், சூரை விதையும் காரை விதையும் சேகரிக்கும் வேலையை இப்போதே ஆரம்பித்தாக வேண்டும். எந்தெந்தத் துண்டில் பழைய காடு மிச்சம் என்று காட்ட, ஆடு மேய்க்கிறவர்களை விடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. முதல் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுங்கள், எங்களையும் கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
சிவகங்கைச் சீமைக்காரன் ஒருவன்