200 மீட்டர் சுவரும் ஒரு கேட்டும்

நகரத் திட்டமிடல் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் தெருவின் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். அனுமதி கொடுத்ததே நீங்கள்தான். போன வாரம், அந்த இடத்தில் எழுந்த புதுக் கட்டடத்தின் சுவரோரம் மிஞ்சியிருந்த இரண்டு பெஞ்சுகளையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அழகுபடுத்தும் பணியாம். அதனால்தான் இந்த மடல்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் குடியிருப்பு வரை 200 மீட்டர். ஒரு பக்கம் அகலப்படுத்திய சாலை, மறுபக்கம் அந்தச் சுவர். தரைத்தளம் முழுக்க வாகன நிறுத்தம் என்பதால் ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது. கார்கள் போய்வர ஒரு கேட், அவ்வளவுதான். என் மகள் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு அங்கே இறங்குகிறாள். இரண்டரை நிமிட நடை. அந்த இரண்டரை நிமிடமும் போனில் என்னோடு பேசிக்கொண்டே வருகிறாள். பேச ஒன்றும் இருக்காது. "கேட்டைத் தாண்டிட்டேன்" என்பாள். அப்புறம், "விளக்குக் கம்பம் வந்திருச்சு" என்பாள். வாசலுக்கு வந்ததும் வைத்துவிடுவாள்.

முன்பு அதே தூரத்தில் 18 கடைவாசல்கள் இருந்தன. கடை சாத்தும் நேரத்திலும் ஒருவர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் படியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். யாரும் காவலுக்கு நின்றவர்கள் அல்ல, அவரவர் வேலையைப் பார்த்தவர்கள். தெருவுக்குக் காவல் அதன் மேல் விழும் கண்கள்தான், கட்டடங்கள் தெருவுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று நகரங்களைப் பற்றி எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே எழுதிவிட்டார். "கேமரா பொருத்தியாயிற்றே" என்றார்கள் உங்கள் அலுவலகத்தில். சரி. ஒருவர் தடுக்கி விழுந்தால் கேமராவில் பதிவாகும். தூக்கிவிட யார் வருவார்?

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சுவரில் கதவுகள் வையுங்கள். வாகன நிறுத்தத்தின் முன்வரிசையை மட்டும் எடுத்துச் சின்னச் சின்னக் கடைகளாக்கினாலே போதும். டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல், தெருவோர முகப்புகளைத் தரம் பிரிக்கக் கதவுகளை எண்ணினார். 100 மீட்டருக்கு 15 முதல் 20 கதவுகள் இருந்தால் உயிருள்ள தெரு. இரண்டோ அதற்கும் குறைவோ என்றால் கடைசித் தரம். எங்கள் 200 மீட்டருக்கு ஒரு கேட், அதுவும் கார்களுக்கு. இதற்குக் கீழே ஒரு தரம் அவர் வைக்கவில்லை.

சாலையையும் அகலப்படுத்தினீர்கள், வாகனங்கள் பறக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்ட நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட், போக்குவரத்து மிகுந்த தெருவில் வசிப்பவர்களைவிடப் போக்குவரத்து குறைந்த தெருவில் வசிப்பவர்களுக்குத் தங்கள் தெருவிலேயே மூன்று மடங்கு நண்பர்கள் இருந்ததைக் கண்டார். எதிர்வரிசைக்காரர்கள் எங்களுக்கு இப்போது கையசைக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். உங்கள் திட்டப் படத்தில் மட்டும் அந்தச் சுவரோரம் ஏகப்பட்ட பேர் உலாவுகிறார்கள். பலூன் பிடித்த ஒரு குழந்தைகூட இருக்கிறது. அந்தக் குழந்தை எந்தக் கதவு வழியாக வெளியே வந்ததோ!

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். இரண்டாம் கட்டக் கட்டடத்தின் வரைபடம் இப்போது உங்கள் மேசையில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். கையெழுத்திடும் முன் அதில் தெருப்பக்கக் கதவுகளைத் தயவுசெய்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். முதல் கட்டச் சுவரிலும் கதவுகள் திறக்க உத்தரவிடுங்கள். பெஞ்சுகளையும் திரும்ப வைக்க வேண்டுகிறோம். முடிந்தால் பழைய இடத்திலேயே. அங்கே நிழல் உண்டு.

இப்படிக்கு,
அந்தச் சுவரோரம் தினமும் நடக்கிற ஒருவர்