சுண்டெலியை எலி என்று எழுதலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான ‘கொழுப்பைக் கரைக்கும் கொழுப்பு’ கட்டுரையைப் படித்தேன். லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் ஒரு வகையைத் தின்ற ‘எலிகளுக்கு’ உடல் கொழுப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டதாம். அவை எலிகள் அல்ல, சுண்டெலிகள். ஆய்வுக்கூட விலங்குகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டையும் கையில் பிடித்து எடை போட்டிருக்கிறேன். சுண்டெலி முப்பது கிராம் தேறினாலே பெரிது. எலி முந்நூறைத் தாண்டும். தமிழில் தனித்தனிப் பெயர் இருந்தும் ஏன் கலக்க வேண்டும்?

வெறும் சொல்லுக்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை. 1997இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பாரிசாவின் குழு, சுண்டெலித் தீவனத்தில் கட்டுரை சொல்லும் அந்த வகையை, அதாவது கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலத்தை, 0.5 சதவீதம் சேர்த்தது. அதைத் தின்னாத குழுவோடு ஒப்பிட்டால் இதைத் தின்ற சுண்டெலிகளின் உடல் கொழுப்பு 57 முதல் 60 சதவீதம் வரை குறைவு. உண்மைதான். ஆனால் எலிகளிடம் இதே அமிலம் அவ்வளவு வேலை செய்வதில்லை. மனிதர்களிடமோ, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2007இல் வெளியான தொகுப்பாய்வின்படி, நாளுக்குச் சுமார் 3.2 கிராம் உட்கொண்டவர்களுக்குப் போலி மாத்திரை உண்டவர்களைவிட வாரத்துக்கு ஏறத்தாழ 90 கிராம் கொழுப்புதான் கூடுதலாகக் குறைந்தது.

பாலிலும் இந்த அமிலம் இருப்பதாகக் கட்டுரையாளர் மகிழ்கிறார். ஆனால் ஒரே அமிலத்துக்கு அணுக்கள் அமையும் விதத்தில் மாறுபடும் பல வடிவங்கள் உண்டு. பாலில் பெரும்பாலும் இருப்பது சிஸ்-9, டிரான்ஸ்-11 என்ற வடிவம். சுண்டெலியை மெலியவைப்பது டிரான்ஸ்-10, சிஸ்-12. அப்படி மெலிந்த சுண்டெலிகளுக்குக் கல்லீரல் வீங்கிக் கொழுப்பு சேர்ந்ததையும், இரத்தத்தில் இன்சுலின் ஏறியதையும் 2000இலேயே எழுதிவிட்டார்கள். கட்டுரையில் கல்லீரல் என்ற சொல்லே இல்லை.

தீவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் கலந்த தீவனம் காற்றுப் பட்டால் காறிப்போகும். வாடை பிடிக்காவிட்டால் சுண்டெலி முன்காலால் கிளறிக் கொட்டிவிடும். கூண்டிலுள்ள மரத்தூளைச் சலித்து, சிந்தியதை எடை போட்டுக் கழித்தால்தான் தின்றது எவ்வளவு என்று தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சலிக்காமல் கணக்கு எழுதினேன். பட்டினியால் மெலிந்தவை அமிலத்தால் மெலிந்தவையாக ஏட்டில் ஏறின. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு, சோதனையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். தராசும் மொத்த எடையைத்தான் காட்டும். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதை அறிய நாங்கள் உடலை உலர்த்தி, அரைத்து, ஈதர் என்ற கரைப்பானில் கொழுப்பைப் பிரித்தெடுப்போம். ஒரு கூண்டுக்கே நாள் கணக்கில் ஆகும்.

என் மைத்துனர் உங்கள் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாத்திரை வாங்கக் கிளம்பியிருக்கிறார். கல்லீரலையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதையும் கத்தரித்து அதே பையில் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்குக்கூட உதவியாளர் ஒருவர்