மாத்திரையோடு அடுப்படியையும் விசாரிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதானவர்கள் எவ்வளவு சொன்னாலும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று பிள்ளைகளும் மருத்துவர்களும் ஒருசேரச் சொல்வதை, கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பிடிவாதக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பல வீடுகளில் மாறத் தயாராக இருப்பவர் ஒருவர், உலை வைப்பவர் வேறொருவர்.

ரத்தக் கொதிப்புள்ள பெரியவர் உப்பைக் குறைக்க மனத்தளவில் தயாராகவே இருப்பார். வேலைக்குப் போகும் அவசரத்தில் மருமகள் எல்லோருக்குமாக ஒரே குழம்பை வைத்துவிட்டுப் போவார். மதியம் தனியாகச் சாப்பிட உட்காருபவருக்கு மோர்மிளகாயும் ஊறுகாயும்தான் கைக்கெட்டும். பல் போனவரால் காய்கறியை மென்று தின்ன முடிவதில்லை. நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி என்பதையாவது யாரேனும் அவர்களுக்கு அளந்து காட்டியிருக்கிறோமா?

சீனக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று 2021-இல் வெளியானது. பக்கவாதம் வந்தவர்களும், 60 வயதைக் கடந்த ரத்தக் கொதிப்புக்காரர்களுமாகச் சுமார் 21 ஆயிரம் பேர் அதில் இருந்தனர். அவற்றில் பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு வீடுகளுக்கு வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அங்கே, மற்றக் கிராமங்களைவிடப் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. பெரியவர்களின் மன உறுதியை யாரும் சோதிக்கவில்லை. உப்பு டப்பா மாறியது, அவ்வளவுதான். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகைக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது.)

நடைப்பயிற்சியும் இப்படித்தான். தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது நல்ல செயல். ஆனால் முழங்கால் வலியுள்ள பாட்டிக்குத் தேவைப்படுவது, தெருமுனைக் கோயில் வரை நாய்த் தொல்லையும் பள்ளமும் இல்லாத, விளக்கெரியும் பாதை.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே போய் மாத்திரை தருகிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் தெரியாத அடுப்படி அவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஆகவே மாத்திரை கொடுக்கும்போதே வீட்டில் சமைப்பவர் யார், பெரியவர் மதியம் யாரோடு சாப்பிடுகிறார், எதை மாற்ற அவருக்கே விருப்பம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ள அவர்களுக்குப் பயிற்சி அளித்து, அதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மன்னார்குடி.