பென் டிரைவையும் கொஞ்சம் பாருங்க: பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆராய்ச்சித் துறைக்கும், தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைக் கவனிக்கும் மாநில அரசு நிறுவனமான டிட்கோவுக்கும்,

வணக்கமுங்க. கோவை கணபதியில் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்களை வைத்து, ஜாப் ஆர்டர் பட்டறை நடத்துகிறேன். பம்ப்புக்கும் மில் மெஷினுக்கும் பாகம் கடைந்துகொண்டிருந்த நாங்கள், வழித்தடம் வந்த பிறகு ராணுவத் தளவாடத்துக்கும் சில்லறை வேலை செய்கிறோம். பெரிய கம்பெனி ஆர்டர் எடுக்கும், இன்னொருத்தருக்குக் கொடுக்கும், அவர் எங்களுக்குக் கொடுப்பார். பாகம் எதில் போய் உட்காரும் என்று பல நேரம் எங்களுக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதும் நல்லதுதான்.

2025-26 பட்ஜெட்டில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு 26,816 கோடி ரூபாய் ஒதுக்கினீர்கள். ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் 25 சதவீதம் தொழில்துறை, ஸ்டார்ட்அப், கல்லூரிகளுக்குத் திறந்துவிடப்படும் என்று 2022 பட்ஜெட்டில் சொன்னீர்கள். சைபர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு இதில் எவ்வளவு போட்டாலும் தகும். ஆனால் அது டெல்லி, பெங்களூரு ஆய்வகங்களோடு நின்றுவிடக் கூடாது. காக்க வேண்டிய ராணுவப் பாகத்தின் ட்ராயிங் இப்போது எங்கள் சந்துக்கே வந்துவிட்டது.

வரும் விதத்தையும் கேளுங்க. மெயிலில் வரும்; அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் வரும். அவசரம் இல்லாத ஆர்டர் என்று இந்த ஊரில் ஒன்று கிடையாது. புரோகிராமர் புரோகிராம் எழுதி, பென் டிரைவில் ஏற்றி மெஷினுக்குக் கொண்டுபோவார். அதே பென் டிரைவில் ஜிஎஸ்டி பில்லும் இருக்கும், அவர் பெண்ணின் ஸ்கூல் புராஜெக்ட்டும் இருக்கும். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் மெஷினின் யுஎஸ்பி துளையில் போனைச் சொருகி சார்ஜ் போடுவார். ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதைக் கைகழுவிவிட்டது. மாற்றலாம்தான், பழைய லேத்துக்கு புரோகிராம் அனுப்பும் சாஃப்ட்வேர் புதியதில் ஓடாது.

"நெட்டே இல்லாத மெஷினுக்கு என்னங்க ஆபத்து?" என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். ஈரானின் நடான்ஸ் அணு ஆலையும் வெளி நெட்டோடு சேராததுதான். அதைத் தாக்கி, 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் புழு பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடியது. சுழலும் மெஷின்களின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றிக்கொண்டே, திரையில் எல்லாம் சரியாக ஓடுவதாகக் காட்டியது. 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்து, ட்ரோன் விசிறியின் டிசைன் ஃபைலில் உள்ளுக்குள்ளே சின்ன வெற்றிடம் வைத்துப் பார்த்தார்கள். 3டி பிரிண்டரில் வந்த விசிறி பார்வைக்கு ஒழுங்காக இருந்தது. பறக்கும்போது உடைந்து, ட்ரோன் கீழே விழுந்தது.

எங்கள் வேலையில் துளை அளவு மாறினால் இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டிக்கொள்ளும். ஆனால் படிக்கட்டு மாதிரி இறங்கும் ஷாஃப்டில், உள்மூலையின் வளைவை, அதாவது ரேடியஸை, கொஞ்சம் குறைத்துவிட்டால்? ஒவ்வொரு பீஸிலும் அதை யாரும் அளப்பதில்லை. விரிசல் அங்கேதான் பிடிக்கும்.

'சைபர் ஆடிட் சான்றிதழ் இணைக்கவும்' என்று வெண்டர் ஃபாரத்தில் ஒரு வரி சேர்ப்பது சுலபம். நாங்களும் காசு கொடுத்து வாங்கி இணைத்துவிடுவோம். பென் டிரைவ் மறுபடி அதே துளையில்தான் போகும். அதற்குப் பதில், ஸ்டார்ட்அப்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் நடத்தும் ஐடெக்ஸ் போட்டியில் இதை ஒரு கேள்வியாக வையுங்க: பென் டிரைவுக்கும் மெஷினை ஓட்டும் கண்ட்ரோலருக்கும் நடுவில் உட்காரும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். ஒப்புதல் கொடுத்த புரோகிராமை மட்டும் அது உள்ளே விட வேண்டும், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிறுத்த வேண்டும். பழைய சீரியல் கேபிள் மெஷினிலும் ஓட வேண்டும். அதே சமயம், டூல் தேய்கிறது என்று ஆபரேட்டர் ஃபீடை, அதாவது டூல் நகரும் வேகத்தை, குறைத்தால் மெஷினை முடக்கக் கூடாது. யார், எப்போது மாற்றினார் என்று குறித்து வைத்தால் போதும். இந்தக் கடைசி விஷயம் ஏசி ரூமில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாது. அதனால்தான் சோதனைக்கூடத்தைக் கோவையிலேயே, எங்களிடம் ஓடும் அதே பழைய மெஷின்களை வைத்து அமையுங்க என்கிறேன். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் இங்கே இருக்கிறது. பீளமேட்டிலும் எட்டிமடையிலும் இன்ஜினியரிங் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இன்னொன்று. சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் உத்தரவு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், சின்னப் பட்டறைக்காரர் யாரும் வாயைத் திறக்க மாட்டார். சொன்ன மறுநாளே வெண்டர் லிஸ்ட்டிலிருந்து பேர் போய்விடும் என்ற பயம். தானாக வந்து சொன்னவரின் ஆர்டரைப் பறிக்கக் கூடாது என்று மேலே இருக்கும் கம்பெனிகளுக்கு நீங்கள்தான் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் பழைய லேத் சும்மாதான் நிற்கும். ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளை அனுப்புங்க, கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கட்டும். மெஷின் செட்டிங்கான பாராமீட்டரை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டுத் தொடச் சொல்லுங்க. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு பட்டறைக்காரன்